பூசை உண்டு, வரவேண்டாம்

“இன்று பிற்பகல் தமிழ்ப் பூசை இல்லை. பனிக்கு மேல் மழை பெய்து ஒஸ்லோ றோட்டெல்லாம் வழுக்குகிறது. வீட்டிலிருந்தே செபியுங்கள்.”

தமிழ்ப் பூசைக் குழுச் செயலாளர் அமலதாசன் இதை வட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத் தேத்தண்ணியை வாயில் வைக்கவில்லை, போன் அடித்தது.

“தம்பி, சத்தியபாமா கதைக்கிறன். பூசையை நிப்பாட்டாதையும்.”

அமலதாசனுக்குத் தலை சுற்றியது. சத்தியபாமா சைவக்காரி. ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் அமலதாசனின் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தவர். எப்போதோ மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த வந்து, அப்படியே வட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்துகொண்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனுசிக்கு எங்கள் பூசை நின்றால் என்ன, நடந்தால் என்ன?

“அன்ரி, போன கிழமைதான் கோயில் வாசலிலை ஒராள் விழுந்து கை முறிஞ்சது. இண்டைக்கும் ஆரும் விழுந்தா ஆர் பொறுப்பு?”

“அப்ப மற்றவை வரவேண்டாம். நான் றெயினிலை வாறன். பூசை மட்டும் இண்டைக்கே நடக்கவேணும்.”

“ஏன் இண்டைக்கே?”

“ஒரு காரியம். இன்னொண்டு தம்பி, நீரும் வராதையும். லோறென்ஸ்கூக்கிலை இருந்து காரிலை வெளிக்கிட்டிடாதையும். எனக்குச் சத்தியம் பண்ணும்.”

சத்தியத்துக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டார். பூசையும் வேண்டுமாம், செயலாளரும் வேண்டாமாம்!

சுவாமியாரைக் கேட்டால், அவர் கோயிலோடு ஒட்டிய அறையில் இருப்பவர், அவருக்கென்ன பனி. “ஒராள் வந்தாலும் நான் பூசை வைப்பன்” என்றார்.

அமலதாசன் யோசித்து யோசித்து எழுதினார்: “பூசை உண்டு. ஆனால் ஒருவரும் வரவேண்டாம்.”

குழு கொதித்தது.

“அங்கிள், இது ஓமோ, இல்லையோ?” என்று கேட்டான் தக்சன்.

“ஞாயிறுப் பூசைக்கு வராதது பாவம் எண்டு போன மாதம் நீங்கள்தானே எழுதினனீங்கள்?” என்றார் இன்னொருவர்.

“எழுதின உங்களுக்காவது விளங்கினதோ?” என்று கேட்டாள் மனைவி அனஸ்ரேசியா.

“விளங்கேல்லை. அந்த மனுசி எதையோ மறைக்குது. போய்ப் பாத்திட்டு வாறன்.”

“வரவேண்டாம் எண்டெல்லோ சொன்னவ?”

“அதுக்குத்தான் போறன்!”

இருபது நிமிட ஓட்டம் ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஒரு வளைவில் கார் தன் பாட்டில் சுழன்று, வந்த பக்கம் பார்த்து நின்றது. அமலதாசன் காரை மெல்லத் திருப்பினார். சத்தியபாமாவை வாய்விட்டே திட்டினார்.

கோயிலில் முன் வாங்கில் சத்தியபாமா மட்டும். நெற்றியில் திருநீறு, சப்பாத்தில் வழுக்காமல் பூட்டிய முள், கையில் மெழுகுதிரி. இவரைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது.

“ஏன் வந்தனீர்? படிச்சுப் படிச்சுச் சொன்னனான்!”

பதில் சொல்லுமுன் மணி அடித்தது. சுவாமியார் பீடத்தில் நின்று ஒரு துண்டைப் பார்த்து வாசித்தார்.

“மூன்று வருடங்களுக்கு முன் இதே நாளில் இறைவனடி சேர்ந்த மரியமலரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இந்தப் பூசையை ஒப்புக்கொடுக்கிறோம்.”

மரியமலர், அமலதாசனைப் பெற்ற தாய்.

யார் எந்த வாசகம் வாசிப்பது, எந்தக் கிழமை யார் பாட்டு என்று எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. இந்தத் தேதி மட்டும் இல்லை. வெட்கத்தில் கூசிப்போய், பூசை முடியும்வரை முழந்தாளில் இருந்தார்.

பிறகு மெல்லச் சத்தியபாமாவிடம் போனார்.

“அன்ரி, எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? மறந்துபோன மகன் எண்டு கோவமே?”

“கோவமில்லை, தம்பி. அம்மா ஆஸ்பத்திரியிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவ: ‘பாமா, அவன் மறந்துபோனா நீ எனக்கு ஒரு பூசை குடு. ஆனா பனி எண்டால் அவனுக்கு ஞாபகப்படுத்திப்போடாதை. பிள்ளை காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிடுவான்.’”