பள்ளத்தில் ஒருத்தி

"இதோ பாருங்கம்மா, மேட்டுல மூணு ரூம் வீடு. தண்ணி, கரண்ட் எல்லாம் உண்டு. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

பொறியாளர் காலில் விழாத குறை. அணைக்கு நேர் கீழே, பள்ளத்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த அம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எனக்கு இதுவே போதும் சார்."

பொறியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த இரண்டு வருஷமாக இந்த ஒருத்தியால்தான் அவருக்குத் தலைவலி.

மின்சாரம் எடுக்கும் அந்த அணைக்கு வயது எழுபத்திரண்டு. மதகைத் திறந்தால் முனகும். சுவரில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு விரிசல். ஆனால் ஆபத்துப் படிவத்தில் விரிசலுக்குக் கட்டமே கிடையாது. உடைந்தால் கீழே குடியிருப்பவர்கள் எத்தனை பேர் சாவார்கள், அது ஒன்றுதான் கேள்வி.

ஒருத்தர் இருந்தாலும் 'அதிக ஆபத்து'. வருஷா வருஷம் பழுது பார்த்தே தீரவேண்டும். யாரும் இல்லையென்றால் 'குறைந்த ஆபத்து'. அப்புறம் அணை எக்கேடு கெட்டாலும் கேட்பாரில்லை.

"அந்த அம்மாவைக் கிளப்புய்யா, அணை தானா பத்திரமாயிடும்" என்று மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

கோபத்தோடு திரும்பிய பொறியாளரின் கண்ணில் தலையணை பட்டது. கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பொட்டுக் கரி இல்லை.

"அடேங்கப்பா! நீங்க இங்க குடியிருக்கவே இல்லை!"

மெஷின் நின்றது.

"இல்லை சார். எனக்கு மேட்டுல ஏற்கெனவே சொந்த வீடு இருக்கு. நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் மெஷினைத் தூக்கிட்டு வந்துடுவேன்."

"மூணு ரூம் பத்தாதுன்னு இப்படி ஒரு நாடகமா? நல்லா இருக்கும்மா உங்க பேராசை!"

பொறியாளர் சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தார். 'குடியிருப்போர்: இல்லை' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது தலைவலி.

"ஒரு நிமிஷம் சார். அதோ, இதே பள்ளத்துல பவர் ஹவுஸ். உள்ளே ஷிப்டுக்குப் பதினாறு பேர். அவங்க ஏன் உங்க கணக்குல வரலை?"

"அவங்க வேலைக்கு வர்றவங்கம்மா, குடியிருக்கிறவங்க இல்லை. விதி அப்படி."

"என் வீட்டுக்காரரும் அங்கே வேலைக்குத்தான் போனார் சார். ஏழு வருஷத்துக்கு முன்னாடி, மதகு பிய்ச்சுக்கிட்ட அன்னைக்கு." அம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அப்ப இந்தப் பள்ளத்துல யாரும் குடியில்லை. அதனால யாரும் பழுது பார்க்கலை."

பொறியாளர் பவர் ஹவுஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பதினாறு பேரும் தினம் காலையில் அவருக்கு வணக்கம் சொல்கிறவர்கள். வெட்கமாக இருந்தது. படிவத்தை மெஷின் பலகைமேல் வைத்து, 'ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வருஷம் வேற ஆள் வருவாங்க. வாசல்ல ஒரு கொடி கட்டி நாலு துணி காயப் போட்டு வைங்கம்மா. பார்க்கிறவங்க நம்பணும் இல்லையா?"