பெடலுக்கு மேலே ஒரு கால்

விடிந்தால் மஞ்சரி தாய்வீட்டுக்குப் போகிறாள், திரும்புவதாக இல்லை. போகாதே என்று சொல்ல விசாகனுக்கு வாய் வரவில்லை. ஒப்புக்கொண்ட கச்சேரி ஒன்று மட்டும் பாக்கி இருந்தது.

மேடையில் எழும் ஒலிகளை அங்கேயே பதிந்து, சுழலவிட்டு, அடுக்கடுக்காக இசையாக்குவது அவர்கள் பாணி. இன்று பதற்றத்தில் அவன் பதிவைத் தொடங்கும் பெடலை முந்தி மிதித்துவிட, அவள் பழக்கதோஷத்தில் சிரித்துக்கொண்டே கிசுகிசுத்ததுதான் முதலில் பதிவானது.

"சட்டையத் திருப்பிப் போட்டிருக்க, மக்கு!"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அதையே தாளமாக்கி இருவரும் வாசித்துத் தீர்த்தார்கள்.

முடிக்கும் நேரம் வந்தது. டிரம்ஸை அவன் நிறுத்தினான்; கீபோர்டை அவள் அடக்கினாள். அந்தக் குரல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் பெடலுக்கு மேலே அவனுடைய வெறுங்கால் அந்தரத்தில் நின்றது.

"மிதி," என்றாள் மஞ்சரி, மைக்கைப் பொத்திக்கொண்டு. "ஜனங்க காத்திருக்காங்க."

"மிதிச்சா நின்னுடுமே, மஞ்சு."

"நின்னாத்தான கை தட்டுவாங்க?"

கண்ணை மூடிக்கொண்டு காலை இறக்கினான். பெடல் தட்டுப்படவில்லை. பாதத்துக்கு அடியில் வெதுவெதுப்பாகக் கால்விரல்களும், ஒரு மெட்டியும்.

"மக்கு!" என்றது குரல், மறுபடியும்.