ஐஸ்லாந்தில் கரண்ட் இல்லை

மண்ணரையில் சபுரா பீவியின் வீட்டுக்கு வந்த ஏஜென்ட் அருள்செல்வன் செல்போனை நீட்டினான். திரையில் வரிசையாக மிஷின்கள் மினுக்கி மினுக்கி ஓடின.

“லைவ் வீடியோங்கக்கா. ஐஸ்லாந்துல நம்ம கம்பெனி மிஷினுங்க ராப்பகலா பிட்காயின் தோண்டுது. பணத்தப் போட்டுட்டு நீங்க ஊட்ல தூங்கலாம்.”

“மிஷினு நிக்கவே நிக்காதுங்களா தம்பி?”

“நின்னா எம் பேர மாத்திக்கறேனுங்க.”

சபுரா கழுத்துச் செயினின் கொக்கியைக் கழற்றினாள். இதை அடகு வைத்துச் சேர்ந்துவிட்டால், பக்கத்துத் தெரு நிட்டிங் கம்பெனியில் மிஷின் ஓட்டும் வீட்டுக்காரர் கைருதீன் இனி ஷிப்டுக்கு ஓட வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றது. ஏரியாவுக்கே கரண்ட் போய்விட்டது.

செல்போனில் ஐஸ்லாந்தும் இருண்டது. மிஷின் சத்தம் அடங்கியதும் யாரோ கத்துவது கேட்டது.

“ஜெனரேட்டரப் போடுங்கப்பா!”

அந்தக் குரல் சபுராவுக்கு நன்றாகத் தெரியும். கொக்கியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, தன் போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

ஐஸ்லாந்தில் மணி அடித்தது.

“என்ன சபுரா?” என்ற குரல் இரண்டு போனிலும் கேட்டது.

“ஒண்ணுமில்லீங்க. ஐஸ்லாந்துல குளிரு சாஸ்தியா இருந்தா, சாப்பிட ஊட்டுக்கே வந்துருங்க.”