அத்தைக்கும் ஒரு பரிசோதனை

மருமகள் இதழினிக்கு ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாடு இருப்பது உறுதியான நாளிலிருந்து, வீட்டைக் கவனிக்கும் இயந்திரம் அவளிடம் தனிக் கனிவோடு பேசியது.

"பால் பொங்கப் பார்த்தது. நானே அடுப்பை அணைத்துவிட்டேன், பரவாயில்லை."

மாமியார் அபிநயாவிடமோ, "இந்த வாரம் நான்காவது முறை மறந்துவிட்டீர்கள்" என்றது. அபிநயாவுக்கு வயிறு எரிந்தது.

யாரிடமும் சொல்லாமல் பரிசோதனைக்குப் போனாள். அவளுக்கும் ஏடிஎச்டிதான், சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். மறுநாள் மருத்துவ அறிக்கையை வீட்டில் காட்டினாள்; அன்று முதல் இயந்திரம் அவளிடமும் இதமாகப் பேசியது.

"இப்போ சந்தோஷமா அத்தை?" என்றாள் இதழினி.

"உனக்கு இருபத்தாறு வயசுல தெரிஞ்சிடுச்சு. எனக்கு ஐம்பத்தெட்டு. நான் சோம்பேறின்னு எல்லாரும் சொன்னதை இத்தனை வருஷமா நானும் நம்பிட்டிருந்தேன்." அபிநயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "முன்னைவிட இப்பதான்டி உன்மேல பொறாமையா இருக்கு."