பேர் சொன்னால் திறப்பு

முருகேசுவின் கை இரண்டாந்தரமும் பெல்ட்டுக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத்தான் இன்னும் அழைப்புப் போனபாடில்லை.

"ஒத்திகைக்கே இப்பிடியெண்டால் உண்மையா நடந்தால் என்ன செய்யப் போறியள்?" மனேஜர் கதிரவேலு மேசையில் ஓங்கி அடித்தார். தேத்தண்ணி கோப்பையை விட்டு வெளியே வந்தது.

கொக்குவிலில் இருந்த அந்த எண்ணெய்த் தொழிற்சாலைக்குள் பகுதிக்கு ஒரு தொலைபேசி உண்டு. எல்லாம் உள்ளுக்குள் பேசிக்கொள்ள மட்டும். வெளியே பேச இருந்தது ஒரே ஒரு இணைப்பு. அது கந்தோரில், ஒப்பரேட்டர் ஞானாம்பிகையின் மேசையில். அதன் டயலைச் சுழற்ற முடியாதபடி முதலாளி பொன்னம்பலம் ஒரு பித்தளைப் பூட்டைப் போட்டு வைத்திருந்தார்.

போன மாதம் தொழிலாளி பிலிப்புவின் விரல் துண்டானபோது பூட்டு இங்கே, அதன் திறப்பு முதலாளியின் மடியில், முதலாளி சாவகச்சேரியில். விரல் போனது போனதுதான்.

கதிரவேலு கொழும்பில் கலவரம் வந்ததும் அங்கிருந்த கம்பனியை விட்டுவிட்டு வந்து சேர்ந்த புது மனேஜர். அங்கே ஆபத்தென்றால் யார், எப்படி, எங்கே அழைப்பது என்று ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. இங்கேயும் அப்படிச் செய்வோம் என்றதும் முதலாளி துள்ளிக் குதித்தார்.

"கண்டவன் நிண்டவனெல்லாம் காயமெண்டு சொல்லிப்போட்டுக் கொழும்புக்குக் கதைப்பான்!"

சண்டை பிடித்துத்தான் திறப்பை வாங்க வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை. எந்த இடம், என்ன காயம், ஆருக்குக் காயம் என்ற மூன்றையும் ஒப்பரேட்டர் உரத்துச் சொன்ன பிறகுதான் மனேஜர் பூட்டைத் திறக்கலாம். பின்னேரம் முதலாளியே வந்து பார்ப்பார். பிழை நேர்ந்தால் திறப்பு மறுபடி அவர் மடிக்குப் போய்விடும்.

காலையிலிருந்து நடக்கும் கூத்து இதற்குத்தான். களஞ்சியத்திலிருந்து மணி அடித்தபோது ஞானாம்பிகை மணிமணியாகச் சொன்னாள். "களஞ்சியம். மண்டை உடைஞ்சது. யாகோப்பு." அச்சாப் பிள்ளை என்று கதிரவேலுவே பாராட்டினார். எண்ணெய் ஆட்டும் மில்லில் வேலை செய்யும் முருகேசுவைக் காயக்காரனாக்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது.

"மில், ஐயா. வலக்கை பெல்ட்டுக்குள்ளை..." என்று தொடங்குவாள். அதோடு நின்றுவிடுவாள்.

"ஆரின்ரை கை?"

"அவரின்ரை, ஐயா."

"எவரின்ரை?"

ஞானாம்பிகை தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் நின்ற பொதி அறைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கதிரவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, அது வந்து..." என்று அவர்களில் மூத்தவளான பூரணம் ஏதோ சொல்லப் பார்த்தாள்.

"நீங்கள் கதையாதேங்கோ! பக்கத்திலை நிண்டு எடுத்துக் குடுத்தால் இந்தப் பிள்ளை எப்ப பழகிறது?"

பூரணம் பின்வாங்கினாள். அவர் ஞானாம்பிகையின் பக்கம் திரும்பினார். "ஒரு பேரைச் சொல்ல உமக்கென்ன பஞ்சி? இது சரிவராட்டில் முதலாளி திறப்பைக் கொண்டு போயிடுவார். நாளைக்கு ஒரு உயிர் போனால் உம்மாலைதான் போகும்."

அவளுடைய கண்கள் கலங்கிவிட்டன. "வேறை ஆரையும் காயப்படுத்துங்கோவன், ஐயா. நான் வடிவாச் சொல்லுவன்."

"காயப்படுறவன் உம்மைக் கேட்டுக்கொண்டே படுவான்? அதே ஆள், அதே கை. திரும்ப!"

ஒரு நல்ல காரியம் செய்ய வந்த மனுசனை எப்படியெல்லாம் அலைக்கழிக்கிறார்கள்! மில்லுக்குச் சொல்வதற்காக அவர் உள் தொலைபேசிக்குக் கை நீட்டினார். அதற்குள் அதுவே மணி அடித்தது.

"பாரும், அவங்களுக்கிருக்கிற அக்கறைகூட உமக்கில்லை. எடும்."

எடுத்துக் கேட்டவள் எழுந்து நின்றாள். ரிசீவர் கையை விட்டு நழுவி மேசையில் விழுந்தது.

"திறப்பைத் தாங்கோ, ஐயா."

"முதல்லை மூண்டையும் சொல்லும்."

"மில். வலக்கை. பெல்ட். தாங்கோ, ஐயா!"

"இப்ப நல்லாத்தான் நடிக்கிறீர். பேர்?"

அவள் பூட்டைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. "உங்களைக் கும்பிட்டன், ஐயா..."

"கும்பிட்டுச் சரிவராது. பேர் சொன்னால் திறப்பு!" கதிரவேலு திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டார். இந்தமுறை அவர் விடுவதாக இல்லை. பின்பக்கம் மில்லின் இரைச்சல் நின்றுபோயிருந்ததை அவர் கவனிக்கவும் இல்லை.

வாசலில் இப்போது ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஞானாம்பிகை கண்களை இறுக மூடிக்கொண்டு, கந்தோர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"முருகேசு! என்ரை புருசன், ஐயா... திறவுங்கோ!"