ஏழு மலை தாண்டும் குரல்

காட்டுப் பயணத்துக்கு வாக்கி டாக்கி வாங்கப் போன கிழட்டு ஜீப், "எவ்வளவு தூரம் பேசுவீங்க?" என்று மட்டும் விசாரித்தது. "ஏழு மலை தாண்டுவோம்ணே!" என்ற ஜோடியை வாங்கி, ஒன்றை முன்னால் போகும் தம்பி ஜீப்பிடம் கொடுத்தது.

வழியில் கிழட்டு ஜீப் ஆற்று மணலில் புதைந்தது. வெள்ளம் ஏறியது.

"தம்பியைக் கயிறோட திரும்பி வரச் சொல்லுடா!" என்று தன் வாக்கி டாக்கியிடம் கத்தியது.

"எப்படிண்ணே? அவர் பொத்தானை அமுக்கிப் பேசிட்டே இருக்காரு. விட்டாத்தானே நம்ம குரல் போகும்?"

தம்பியின் குரல் கணீரென்று வந்தது: "என்ன தெளிவு! அண்ணன் பார்த்து வாங்கினா சும்மாவா!"

சரியாகத்தான் விசாரித்தோமா என்று ஜீப் முதல்முறையாக யோசித்தது. தண்ணீர் முகப்பு விளக்கைத் தாண்டி வாக்கி டாக்கியையும் மூழ்கடிக்கும் நேரத்தில்தான் தம்பி பேச்சை முடித்துப் பொத்தானை விட்டது:

"என்னண்ணே, ஒரு வார்த்தை பேசல? கோபமா? ஓவர்."