உலகம் சுருட்டி வருகிறது

"டப்பாவைக் கொடும்மா."

"மாட்டேன் சார். குலுக்கறதுக்கு முன்னாடி யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதானே ரூல் போட்டீங்க?"

"ரூல் போட்டவன்தான் கேக்கறேன். கொடு."

ரிசப்ஷன் பெண் பிஸ்கட் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எதிரே நின்றவர் ஸ்டோர் இன்சார்ஜ். அந்த அட்டைப்பெட்டி கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் குக்கர். மூன்றாவது விசிலுக்குள் இறக்கிவிட வேண்டும். விட்டால் அடிப்பிடித்துவிடும்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஆபீசில் பன்னிரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வெளிநாட்டுச் சாப்பாடு சாப்பிடுவார்கள். ஆளுக்கொரு சீட்டில் நாட்டையும் அயிட்டத்தையும் எழுதி டப்பாவில் போட வேண்டும். குலுக்கலில் எந்த நாடு விழுகிறதோ அதற்கு ஆர்டர் பறக்கும்.

குக்கருக்கு வியாழக்கிழமை ராத்திரியே தூக்கம் போய்விடும். ஆறு மாதமாக அவர் எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: ஜப்பான் நூடுல்ஸ் சூப். ஆவி பறக்கும் கிண்ணத்தை ஒரு ஆள் இரண்டு கையாலும் தூக்கி 'சர்ர்' என்று உறிஞ்சுகிற வீடியோவைச் செல்போனில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

வந்ததென்னவோ மெக்சிகோ ரோல், லெபனான் ரோல், வியட்நாம் ரோல், பீட்சா, பர்கர், மறுபடியும் மெக்சிகோ.

"உலகம் உருண்டைன்னு படிச்சேன். நம்ம ஆபீசுக்கு மட்டும் சுருட்டித்தான் வருது" என்று முதல் விசில் அடித்தார். "இதுல தில்லுமுல்லு இருக்கு. தெருத்தெருவா பழைய அட்டை பேரம் பேசி மேல வந்தவன்மா நான். என்கிட்டயேவா?"

அது இரண்டாவது. மூன்றாவதற்கு வாய் திறக்கவில்லை, கை நீண்டது. டப்பாவைப் பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்தார்.

பதினோரு சீட்டு. ஒன்று அவருடையது. மீதிப் பத்தும் ஒரே ஆள் எழுதியதாக இருக்கும் என்று நினைத்தார். இல்லை. பத்தும் பத்துக் கையெழுத்து. ஆனால் எழுதியிருந்ததெல்லாம் ரோல், பீட்சா, பர்கர். கையில் பிடித்துக் கடிக்கிற சமாச்சாரம்.

"எல்லாரும் கூடிப் பேசிக்கிட்டீங்களா?"

"யாரும் பேசலை சார். அவங்கவங்களா எழுதறது. ஏழு மாசம் முன்னாடி தாய்லாந்து சூப் வந்ததே, ஞாபகம் இருக்கா?"

"பிரமாதமான சூப்."

"உங்களுக்கு அதுதான் ஞாபகம் இருக்கும். நீங்க ரெண்டாவது கிண்ணத்துல முழுகிட்டிருந்தீங்க. லேபிள் அக்காவைப் பார்க்கலை."

பெட்டியில் அச்சாகும் எழுத்தில் பிழை பார்த்துச் சிவப்புப் பேனாவால் டிக் அடிப்பவர் லேபிள் அக்கா. போன வருடம் உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்து கை நடுக்கம். கண் அதே கூர்மைதான். டிக் மட்டும் நெளியும்.

"ஸ்பூன் வாய்க்குப் போறதுக்குள்ள பாதி சூப் மடியில. சிரிச்சுக்கிட்டே எழுந்து போனவங்க திரும்பி வரலை. இனிமே சாப்பாட்டுக்கே வரமாட்டேன்னுட்டாங்க. அடுத்த மாசம் ரோல்னு சொல்லித்தான் இழுத்துட்டு வந்தோம்." அவள் சீட்டுகளை அள்ளி டப்பாவில் போட்டாள். "இன்னைக்கு உங்க சூப் விழுந்தா மறுபடி எழுந்து போயிடுவாங்க சார். அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டாங்க."

குக்கரில் காற்று இறங்கிவிட்டது. தன் சீட்டை எடுத்து நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்தார்.

"பேனா கொடு."

'லெபனான் ரோல்' என்று எழுதிப் போட்டார்.

"இதை வெளியில மூச்சு விட்டே, அவ்வளவுதான்."

பதினோரு மணிக்கு எல்லாரும் கூடினார்கள். கடைசியாக வந்தது லேபிள் அக்கா. வலது கையைப் பொத்தியிருந்தார்.

"அக்கா, உங்க சீட்டு?"

"இதோ போடறேன்."

கை உள்ளே போனதும் டப்பா தடதடவென்று ஆடியது. எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

குக்கர் முந்திக்கொண்டார். "கை உள்ளதானே இருக்கு? இந்த மாசம் அக்காவே எடுக்கட்டும். யார் கை எடுத்தா என்ன?"

"நிஜமாவா தம்பி?" அக்காவின் முகம் மலர்ந்தது.

பொத்திப் போன கை பொத்தியபடியே வெளியே வந்தது. ரிசப்ஷன் பெண் சீட்டை வாங்கிப் பிரித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"ஜப்பான்... நூடுல்ஸ் சூப்."

பத்து ஜோடிக் கண்கள் குக்கரைச் சுட்டன. சமாச்சாரம் தெரிந்த ரிசப்ஷன் பெண்ணே முறைத்தாள். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கிழித்த நாலு துண்டும் உள்ளேதான் இருந்தன. பாய்ந்து அவள் கையிலிருந்த சீட்டை வாங்கினார்.

சிவப்பு மை. எழுத்துக்கு எழுத்து நெளிந்திருந்தது.

நிமிர்ந்தார். லேபிள் அக்கா அவர் காதருகே குனிந்தார்.

"என்ன முழிக்கிறே? எனக்காக எல்லாரும் இன்னும் எத்தனை மாசம் சுருட்டினதையே கடிச்சிட்டிருப்பீங்க? உன் வீடியோவில அந்த ஆள் கிண்ணத்தை ரெண்டு கையாலயும்தானே தூக்கிக் குடிக்கிறான்... ஒரு வாரமா வீட்டுல பழகிட்டு வந்திருக்கேன் தம்பி, ஆர்டரைப் போடு."